காஞ்சிபுர நெசவுக் குடும்பங்கள் இடர்க்காலங்களைக் கடந்த வரலாறு: கடன் ஆவணங்களை வாசிக்கும் முறை (1876–1953)

ஆய்வுச் சுருக்கம்

காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பங்கள் பஞ்சம், பெருமந்தம், போர், கைத்தறித் தேக்கம் ஆகிய நெருக்கடிகளை எவ்வாறு எதிர்கொண்டன என்பதை அறிய முயலும் ஆய்வாளர்க்கு நில வருவாய் ஆவணங்கள் போதிய துணை செய்வதில்லை. நிலமற்ற கைவினைக் குடும்பங்களைப் பற்றிய தடயங்கள் பெரும்பாலும் கடனோடு தொடர்புடைய ஆவணங்களிலேயே தங்கியுள்ளன. தாது வருடப் பஞ்சம் முதல் 1952–53 ஆம் ஆண்டுக் கைத்தறி நெருக்கடி வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டு, அடமானப் பத்திரம், முன்பணக் கணக்கு, கூட்டுறவுச் சங்கப் பேரேடு ஆகியவற்றை வறுமையின் சான்றாக மட்டுமன்றிப் பிழைத்தலின் சான்றாகவும் வாசிக்கவேண்டும் என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது. அவ்வாசிப்பின் எல்லைகளையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: காஞ்சிபுரம், நெசவாளர், தாது வருடப் பஞ்சம், முன்பணம், கூட்டுறவு, குடும்ப வரலாறு.

முன்னுரை

காஞ்சிபுரத்தின் வரலாறு கோயில்களின் வழியாகவும் கல்வெட்டுகளின் வழியாகவும் விரிவாக எழுதப்பட்டுள்ளது. அந்நகரத்து நெசவாளரைப் பற்றிய எழுத்துகளோ பெரும்பாலும் இரண்டு சித்திரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒன்று, தொன்றுதொட்டுப் பட்டு நெய்துவரும் பெருமைமிகு மரபு. மற்றொன்று, கடனில் மூழ்கிய ஏழை நெசவாளர். இவ்விரண்டிற்கும் இடையே எழும் வினா ஒன்று உண்டு. அரிசி விலை ஏறித் துணி விற்காதுபோன ஓர் ஆண்டை ஒரு குடும்பம் எவ்வாறு கடந்தது? கடந்தபின் மீண்டும் தறியில் அமர்ந்தது எவ்வாறு?

தம் முன்னோரைப் பற்றி அறிய விரும்பும் வழித்தோன்றல்களும் சமூக வரலாற்று ஆய்வாளரும் எழுப்பும் இவ்வினாவிற்கு விடை காண்பது எளிதன்று. வேளாண் குடும்பமாயின் பட்டா, அடங்கல், நிலவரித் திட்டப் பதிவேடு ஆகியவை தலைமுறைகளைத் தொடர்ந்து காட்டும். நகரத் தெருவில் ஒரு மனையும் ஒரு தறியும் மட்டுமே கொண்ட குடும்பம் அப்பதிவேடுகளில் தோன்றுவதில்லை. தமிழ்ப் பெயர் மரபில் நிலையான குடும்பப் பெயர் இல்லாமையால், தந்தையின் பெயர், தெரு, தொழில் ஆகிய மூன்றும் ஒருங்கே கிடைத்தாலன்றி ஒருவரை அடையாளங்காண இயலாது. இம்மூன்றும் ஒருங்கே கிடைக்க வாய்ப்புள்ள இடங்களுள் முதன்மையானது கடன் பத்திரம். எனவே, காஞ்சிபுர நெசவுக் குடும்பத்தின் வரலாற்றைத் தேடுவோர் அக்குடும்பம் வாங்கிய கடன்களிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

1. நெசவாளர் வீட்டிற்குப் பஞ்சம் வரும் வழி

உழவர்க்குப் பஞ்சம் வயலின் வழியாக வருகிறது; நெசவாளர்க்கோ சந்தையின் வழியாக வருகிறது. மழை பொய்க்கும்போது தானிய விலை உயர்கிறது. அதே வேளையில், உணவுக்கே பணம் போதாத மக்கள் முதலில் துணி வாங்குவதை ஒத்திவைக்கின்றனர். வாங்கும் பொருளின் விலை ஏற, விற்கும் பொருளின் மதிப்பு இறங்க, நெசவாளர் இருமுனையிலும் தாக்கப்படுகின்றனர். அமர்த்தியா சென் 1981 இல் வெளியிட்ட பஞ்சங்களைப் பற்றிய தம் நூலில், உணவின் இருப்பைவிட உணவைப் பெறும் உரிமை குலைவதே பட்டினிக்குக் காரணமாகலாம் என்று விளக்கினார். கைவினைஞரின் நிலை அக்கோட்பாட்டிற்குத் தக்க சான்றாகும். ஊரில் அரிசி இருந்தும் நெசவாளர் வீட்டில் உலை ஏறாத நிலை இவ்வாறே உருவாகிறது.

பட்டு நெசவில் இத்தாக்கம் வேறொரு வகையிலும் செயற்படுகிறது. பட்டுப் புடவையின் தேவை திருமணத்தையும் விழாவையும் சார்ந்தது. நெல் விலை வீழ்ந்தால் உழவர் வீட்டுத் திருமணச் செலவு சுருங்கும். அதன் விளைவு காஞ்சிபுரத்துத் தறியில் தெரியும். ஆகவே, நெல் விலை ஏறினாலும் நெசவாளர்க்கு இடர். பெரிதும் இறங்கினாலும் இடர். குடும்ப வரலாற்றை ஆராய்வோர் பஞ்ச ஆண்டுகளை மட்டும் பட்டியலிட்டுக்கொண்டு தேடுவது போதாது என்பதை இது உணர்த்துகிறது.

2. தாது வருடப் பஞ்சமும் நிவாரணப் பதிவுகளின் மௌனமும்

1876 ஆம் ஆண்டுப் பருவமழை பொய்த்ததைத் தொடர்ந்து 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம், தாது வருடத்தில் தொடங்கியமையால் அப்பெயராலேயே மக்கள் நினைவில் நிலைத்தது. சென்னை மாகாணத்தில் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் அரசு நிவாரணப் பணிகளைத் தொடங்கியது. 1877 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நடுவணரசின் சார்பில் வந்த ரிச்சர்டு டெம்பிள், செலவைக் குறைக்கும் நோக்குடன் நாளொன்றுக்கு ஆடவர்க்கு ஒரு ராத்தல் தானியத்தையும் சிறு காசையும் கூலியாக வரையறுத்தார். உடலுழைப்புக்கு இவ்வுணவு போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். இவ்விவாதங்களை வில்லியம் டிக்பி 1878 இல் வெளியிட்ட இரு தொகுதிகள் விரிவாகப் பதிவு செய்துள்ளன.

நிவாரணப் பணி என்பது பெரும்பாலும் மண் வெட்டுதலும் கல் உடைத்தலும் ஆகும். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டப்பட்ட கால்வாய்ப் பகுதி இப்பஞ்சக் காலப் பணியே. நெசவாளர்க்கு இவ்வேலை பசியைவிடச் சிறிதே குறைந்த இடராக இருந்தது. பாவு இழையை விரல் நுனியால் உணர்ந்து பிணைப்பவருக்குக் காய்ப்பேறிய கை தொழிலிழப்பாகும். பட்டிழை சொரசொரப்பான விரலில் சிக்கி அறுந்துபோகும். முகாம் வேலைக்குச் செல்வதென்றால் தறியையும் தெருவையும் விட்டுச் செல்லவேண்டும். சென்று திரும்பும்போது தறி மரமும் நூலும் வீட்டில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இச்சிக்கலை ஆட்சியாளரும் ஓரளவு உணர்ந்திருந்தனர். 1877 இல் மாகாணத்தின் சில பகுதிகளில் நெசவாளர்க்கு நூலுக்கான உதவியளித்து, நெய்த துணியை அரசே வாங்கும் முறை கையாளப்பட்டது. பஞ்சத்திற்குப்பின் ரிச்சர்டு ஸ்ட்ராச்சி தலைமையில் அமைந்த பஞ்ச ஆணையத்தின் 1880 ஆம் ஆண்டு அறிக்கையையொட்டி உருவான பஞ்ச விதித்தொகுப்புகள், கைவினைஞர்க்கு அவரவர் தொழிலிலேயே நிவாரணம் அளிப்பதற்கு இடமளித்தன. திறமையைக் காப்பதும் நிவாரணமே என்னும் கருத்து ஆட்சி விதியில் இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது.

ஆயினும், குடும்ப வரலாற்றை ஆராய்வோர் இந்நிவாரணப் பதிவுகளை எச்சரிக்கையுடன் அணுகவேண்டும். அவை முகாமிற்கு வந்தவர்களை எண்ணிக்கையாகக் காட்டுகின்றன. வராமல் வீட்டிலேயே தாங்கிக்கொண்டவர்களைக் காட்டுவதில்லை. கஞ்சித் தொட்டியில் உண்டதைச் சொல்லிக்கொள்ளக் கூசிய குடும்பங்கள் அதைத் தம் வாய்மொழி மரபிலும் விட்டுவைக்கவில்லை. இவ்வாறு எழுத்தும் நினைவும் ஒருசேர மௌனமாகும் இடத்தில், 1866 இல் அமைந்த காஞ்சிபுரம் நகராட்சியைப் போன்ற உள்ளாட்சி அமைப்புகளின் இறப்புப் பதிவுகளும், 1871, 1881 ஆம் ஆண்டுக் குடிக்கணக்குகளின் ஒப்பீடும் மறைமுகச் சான்றுகளாகின்றன. குடிக்கணக்கு தனிக் குடும்பத்தைக் காட்டாது. ஆனால் அக்குடும்பம் வாழ்ந்த சூழலின் இழப்பைக் காட்டும்.

3. இடம்பெயர்தலும் உறவு வலையும்

இடர்க்காலத்தில் நெசவாளர் கையாண்ட பழைய வழி இடம்பெயர்தல். நிலத்தோடு கட்டப்படாத தொழில் என்பதால் தறியைப் பிரித்துக்கொண்டு வேறூர் செல்வது அவர்க்கு இயன்றது. வரிச்சுமை மிகுந்தபோது நெசவாளர் ஊரைவிட்டு நீங்கியதையும், அவர்களை மீண்டும் குடியமர்த்த வரிச்சலுகை அளிக்கப்பட்டதையும் இடைக்காலக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. விசயா இராமசாமியின் ஆய்வுகள் இதனை விரிவாக எடுத்துரைத்துள்ளன. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஐதர் அலியின் படைக்கும் கும்பினிப் படைக்கும் நடந்த போரும், அதனைத் தொடர்ந்த பஞ்சமும் இப்பகுதி மக்களைச் சிதறச் செய்த நிகழ்வுகளுள் அடங்கும்.

இடம்பெயர்தல் திசையற்ற ஓட்டமாக இருக்கவில்லை. செங்குந்தக் கைக்கோளரிடையே எழுபத்திரண்டு நாடுகள் என்னும் அமைப்பு இருந்ததையும், அதன் தலைமையிடமாகக் காஞ்சிபுரம் கருதப்பட்டதையும் மாட்டிசன் மைன்ஸ் 1984 இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்துள்ளார். இத்தகைய அமைப்பில் ஓர் ஊரை விட்டுச் செல்பவர் மற்றோர் ஊரில் அறிமுகமற்றவராக நுழையவேண்டியதில்லை. பத்மசாலியர், தேவாங்கர் முதலிய பிற நெசவுச் சமூகங்களுக்கும் அவரவர்க்குரிய உறவு வலைகள் இருந்தன. பத்மசாலியரின் சமூக நினைவும் நெசவும் பிணைந்திருப்பதை ஆர்த்தி கவ்லாவின் ஆய்வு விளக்குகிறது.

குலதெய்வக் கோயில் எவ்வூரில் உள்ளது, பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள் எவை, வீட்டு வழக்கில் ஒருவரை எந்த ஊர்ப் பெயரால் அழைத்தனர் ஆகிய வினாக்கள் குடும்ப வரலாற்றில் முதலிடம் பெறுவது இதனாலேயே. ஒரு தலைமுறை திடீரெனப் புதிய ஊரில் மண உறவு கொண்டிருப்பின், அதற்குச் சற்று முந்தைய ஆண்டுகளில் ஒரு நெருக்கடி இருந்ததா என்று தேடிப் பார்ப்பது பயன்தரும்.

4. பருத்தியிலிருந்து பட்டுக்கு

காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பங்கள் பலவற்றில், தாம் என்றும் பட்டே நெய்துவந்ததாக ஒரு நம்பிக்கை நிலவுகிறது. பொருளியல் வரலாறு இதனை அப்படியே ஏற்கவில்லை. பட்டு நெசவு காஞ்சிபுரத்தின் அடையாளமாக ஓங்கியது 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலுமே ஆகும். அதற்குமுன் பருத்தி நெசவே பெரும்பங்கு வகித்தது. முதலில் இறக்குமதித் துணியும் பின்னர் இந்திய ஆலைத் துணியும் சாதாரணப் பருத்தித் துணியின் சந்தையைக் கைப்பற்றின. ஆலையால் எளிதில் போட்டியிட முடியாத வகைகளை நோக்கிக் கைத்தறி நகர்ந்தது. உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் அமைந்து பிணையும் கோர்வை, தனியே இணைக்கப்படும் முந்தி, சரிகை வேலைப்பாடு ஆகியவை அத்தகையன.

இம்மாற்றத்தைக் கலை வளர்ச்சியாக மட்டும் காண்பது முழுமையாகாது. அது இடரைக் கடப்பதற்கான வழியுமாகும். ஆனால், இவ்வழியின் விலை பெரிது. பருத்தி நூலைச் சிறுகச் சிறுக வாங்கி நெய்து வாரச் சந்தையில் விற்ற நெசவாளர் தம் துணிக்குத் தாமே உரியவராய் இருக்க முடிந்தது. கொள்ளேகாலம், மைசூர்ப் பகுதிகளிலிருந்து வந்த பட்டு நூலுக்கும் சூரத்துச் சரிகைக்கும் தேவைப்பட்ட முதல் ஒரு சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டாதது. எனவே, பட்டுக்கு மாறிய குடும்பங்களுள் பல, மூலப்பொருளைத் தரும் முதலாளியிடம் கூலி நெசவு செய்யும் நிலைக்கு வந்தன. தொழில் உயர்ந்தபோது உரிமை குறைந்தது. தம் முன்னோர் சொந்தத் தறியில் சொந்த நூல் நெய்தனரா, கூலிக்கு நெய்தனரா, எப்போது மாறினர் என்பது அக்குடும்பத்தின் வரலாற்றில் முதன்மையான திருப்பமாகும்.

5. முன்பணம்: காப்பும் கட்டும்

கூலி நெசவின் அச்சாணி முன்பணம். தறியில் சேரும்போதும், திருமணம், பிரசவம், நோய், மழைக்கால வேலையின்மை போன்ற வேளைகளிலும் முதலாளி தரும் தொகை இது. இதற்கு ஈடாகக் கேட்கப்படுவது பெரும்பாலும் பொருளன்று, உழைப்பு. முன்பணம் தீரும்வரை நெசவாளர் வேறொருவருக்கு நெய்ய இயலாது. வேறு முதலாளி அவரை அழைத்துக்கொள்ள விரும்பினால் பழைய முன்பணத்தைச் செலுத்தவேண்டும். இதனால் கடன் ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்கு மாறியதேயன்றித் தீரவில்லை.

இம்முறையைச் சுரண்டல் என்று மட்டும் கூறினால், நெசவாளர் அதனை ஏன் நாடினர் என்பது விளங்காது. சொத்து ஈடு கேட்காமல், உடனடியாக, திருப்பிச் செலுத்தும் நாளைக் குறிக்காமல் கிடைத்த பணம் அது ஒன்றே. வேலையில்லாத பருவத்திலும் முதலாளியோடான தொடர்பை அது அறாமல் வைத்திருந்தது. அதே காரணத்தால், வேலை நிறைந்த நல்ல ஆண்டிலும் கூலியை உயர்த்திக் கேட்கும் வலிமையை அது பறித்தது. கெட்ட ஆண்டில் குடும்பத்தைக் காத்த அதே தொகை நல்ல ஆண்டில் குடும்பத்தைக் கட்டிப்போட்டது என்பதே முன்பணத்தின் முழு உண்மை. முன்பணக் கணக்கை வாசிப்போர் இவ்விரு பக்கங்களையும் ஒருசேரக் காணவேண்டும்.

6. கூட்டுறவின் தொடக்கம்

கடனையும் விற்பனையையும் ஒரே கையிலிருந்து பிரிப்பதே நெசவாளர் சிக்கலுக்குத் தீர்வு என்னும் எண்ணம் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுப்பெற்றது. பிரடெரிக் நிக்கல்சன் 1890களில் சென்னை மாகாண அரசுக்கு அளித்த அறிக்கை ஐரோப்பியக் கூட்டுறவுக் கடன் முறைகளை எடுத்துக்காட்டியது. 1904 இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு அக்டோபரில் இந்தியாவின் முதல் நகர்ப்புறக் கூட்டுறவுக் கடன் சங்கம் காஞ்சிபுரத்தில் பதிவு செய்யப்பட்டது. இந்தியக் கூட்டுறவு வங்கி வரலாற்றில் காஞ்சிபுரம் பெறும் இடம் இதுவாகும்.

எனினும், கடன் மட்டும் தரும் சங்கம் நெசவாளரின் இடரைத் தீர்க்கப் போதாது. குறைந்த வட்டிக்குப் பணம் கிடைத்தாலும், நூலைத் தருபவரும் புடவையை வாங்குபவரும் ஒருவராகவே இருந்தால் பழைய சார்பு தொடரும். நூல் கொள்முதல், உற்பத்தி, விற்பனை ஆகிய மூன்றையும் ஏற்கும் சங்கங்களே நெசவாளர்க்குத் தேவைப்பட்டன. 1935 இல் அமைந்த சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், அதாவது பின்னாளைய கோ-ஆப்டெக்ஸ், இத்தேவையின் விளைவாகும். விடுதலைக்குப்பின் காஞ்சிபுரத்தில் காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா, திருவள்ளுவர் முதலிய பெயர்களில் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் வளர்ந்தன. இவற்றின் இயக்கத்தை இவோன் ஆர்டர்பர்னின் 1982 ஆம் ஆண்டு நூல் ஆராய்கிறது.

7. பெருமந்தமும் போரும்

1929 இல் தொடங்கிய உலகப் பெருமந்தம் வேளாண் விளைபொருள் விலைகளைச் சரித்தது. கட்டுரையின் முதற்பகுதியில் சுட்டியவாறு, உழவர் வீட்டுத் திருமணச் செலவு சுருங்கியபோது பட்டுத் தறிகளும் பாதிக்கப்பட்டன. மலிவான இறக்குமதிப் பட்டும் செயற்கைப் பட்டும் சந்தையில் நுழைந்தன. இந்தியப் பட்டுத் தொழிலைக் காக்க 1934 இல் இறக்குமதிப் பட்டின்மீதான வரி உயர்த்தப்பட்டது. இது பட்டுப்பூச்சி வளர்ப்போர்க்குக் காப்பாக அமைந்தாலும், நூலை வாங்கி நெய்வோர்க்கு அவ்வாறே அமைந்தது எனக் கூற இயலாது.

இக்காலத்து இன்றியமையாத நிகழ்வு தங்க விற்பனை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத் திட்டத்தைக் கைவிட்டபின் ரூபாய்க் கணக்கில் தங்க விலை உயர்ந்தது. நகையாகச் சேமித்த தங்கத்தை இந்தியக் குடும்பங்கள் பெருமளவில் விற்றன. நாட்டிலிருந்து தங்கம் ஏராளமாக ஏற்றுமதியாயிற்று. நாட்டுக் கணக்கில் ஏற்றுமதியாகத் தெரிவது வீட்டுக் கணக்கில் பெண்களின் கழுத்திலிருந்தும் காதிலிருந்தும் இறங்கியதாகும். பாட்டியின் நகை எப்போது, எதற்காகப் போயிற்று என்னும் வீட்டு நினைவு, உலகப் பொருளியல் வரலாற்றோடு நேரடியாகப் பொருந்தும் இடம் இது.

இக்காலத்திற்குரிய அரசு அறிக்கைகள் சூழலை அறியத் துணை செய்கின்றன. 1929 ஆம் ஆண்டுக் குடிசைத் தொழில் ஆய்வறிக்கை, 1929–30 ஆம் ஆண்டுச் சென்னை மாகாண வங்கி விசாரணைக் குழுவின் சாட்சியத் தொகுதிகள், பி. ஜே. தாமசு தலைமையில் 1942 இல் அறிக்கை அளித்த கைத்தறி, ஆலைகள் பற்றிய உண்மையறியும் குழு ஆகியவை குறிப்பிடத்தக்கன. கடைசியாகச் சுட்டிய குழு நாடு முழுவதும் ஏறத்தாழ 20 இலட்சம் தறிகள் இருந்ததாக மதிப்பிட்டது.

இரண்டாம் உலகப்போர் வேறு வகை இடரைக் கொணர்ந்தது. இப்போது பற்றாக்குறையாய் இருந்தது வாங்குவோர் அல்லர், நூல். சப்பானியப் பட்டு வரவு நின்றது. மைசூர்ப் பட்டு வான்குடை உற்பத்திக்கெனத் திருப்பப்பட்டது. 1943 இல் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பங்கீட்டு நூலைப் பெறுவதற்குத் தறிக் கணக்கும் அடையாளமும் தேவையாயின. நெருக்கடி ஒவ்வொன்றும் தன் ஆவணத்தைத் தானே உருவாக்குகிறது என்பதற்கு இது சான்று. அதே 1943 இல் நிறைவேறிய சென்னை அடகுக் கடைக்காரர் சட்டம், அடகுச் சீட்டும் கணக்கும் முறையாக வைக்கப்படவேண்டும் என விதித்தது.

8. 1952–53: நினைவின் எல்லைக்குள் இருக்கும் நெருக்கடி

கொரியப் போர்க்கால விலையேற்றம் அடங்கியபின் 1952 இல் துணிச் சந்தை தேங்கியது. கைத்தறித் துணி விற்பனையின்றிக் குவிந்தது. முதலமைச்சர் இராசாசி வேட்டி, சேலை ஆகியவற்றைக் கைத்தறிக்கே ஒதுக்கவேண்டும் என நடுவணரசை வற்புறுத்தினார். அகில இந்தியக் கைத்தறி வாரியம் 1952 இல் அமைந்தது. 1953 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆலைத் துணிக்குக் கெசத்திற்கு மூன்று பைசு கூடுதல் தீர்வை விதிக்கப்பட்டு, அவ்வருவாய் கதர், கைத்தறி வளர்ச்சிக்கு ஒதுக்கப்பட்டது. காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்த சி. என். அண்ணாதுரை 1953 இல் திருச்சியில் கைத்தறித் துணியைத் தெருவில் விற்றதும், தி.மு.க.வினர் பல ஊர்களில் அவ்வாறே செய்ததும் நெசவாளர் இடரை அரசியல் வினாவாக உயர்த்தின.

அந்நாளில் பத்து வயதாயிருந்தோர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். அந்நெருக்கடியில் வீட்டில் என்ன உண்டனர், எப்பொருள் முதலில் அடகுக்குச் சென்றது, யார் படிப்பை நிறுத்தினர் என்று நேரில் கண்டு சொல்லக்கூடிய கடைசித் தலைமுறை அது. ஆவணத்தையும் நினைவையும் ஒருங்கே வைத்துச் சரிபார்க்க இயலும் நெருக்கடிகளுள் மிக முந்தையது இதுவாகவே இருக்கும். எனவே இக்களத்தில் வாய்மொழிப் பதிவு முன்னுரிமை பெறவேண்டும்.

9. ஆவணங்களை வாசிக்கும் முறை

மேற்கூறிய வரலாற்றிலிருந்து நான்கு நடைமுறைகளைத் தொகுக்கலாம்.

முதலாவது, பத்திரப் பதிவு. அடமானம், போக்கியம், கிரயம் ஆகிய பத்திரங்களில் கொடுப்பவர், வாங்குபவர் ஆகியோரின் தந்தை பெயர், தெரு, தொழில் ஆகியவை குறிக்கப்படுவது வழக்கம். 1908 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி அசையாச் சொத்துத் தொடர்பான முதற்புத்தகம் யாவரும் பார்வையிடத்தக்கது. வில்லங்கச் சான்றின் வழியாக ஒரு மனையின் கைமாற்றங்களைத் தொடர இயலும். ஆனால் நூறு ரூபாய்க்குக் குறைந்த மதிப்புடைய பல பரிமாற்றங்களுக்குப் பதிவு கட்டாயமன்று. ஆகவே, ஒரு குடும்பத்தின் பெயர் பதிவேட்டில் காணப்படாமை அது கடனற்று இருந்ததைக் குறிக்காது. சிறு கடனோடு இருந்ததையோ அடகு வைக்க மனையே இல்லாததையோ குறிக்கலாம்.

இரண்டாவது, பத்திரத்தில் கூறப்படும் காரணம். குடும்பச் செலவு, முன்கடன் தீர்வு போன்ற தொடர்கள் எழுத்தர் வழக்கில் உறைந்த வாய்பாடுகள். அவற்றை நேரடிச் சான்றாகக் கொள்வதைவிட, ஒரே தெருவில் ஓராண்டில் எத்தனை அடமானங்கள் பதிவாயின என்று எண்ணி, அவ்வெண்ணிக்கையை அவ்வாண்டின் அரிசி, நூல் விலைகளோடு ஒப்பிடுவது உறுதியான முடிவைத் தரும். கடன் தந்தவர் யார் என்பதும் கருதத்தக்கது. உறவினர், நூல் வணிகர், தொழில்முறை வட்டிக்காரர் என்னும் வரிசையில் ஒரு குடும்பம் நகர்ந்திருப்பின், நெருக்கடி ஆழ்ந்துகொண்டே சென்றதை அது காட்டும்.

மூன்றாவது, சங்கப் பேரேடு. உறுப்பினர் எண், பங்குத் தொகை, நூல் வழங்கல், கூலி, பிடித்தம் ஆகிய பத்திகளைக் கொண்ட இவ்வகைப் பேரேடுகளில் ஒரு தறியின் ஆண்டுச் சுழற்சியே பதிவாகியிருக்கும். கூலி வரவு நின்ற மாதங்களும் சேமிப்பிலிருந்து எடுத்த மாதங்களும் அக்குடும்பத்தின் இடர் நாட்காட்டியாகும். முதலாளிகளின் தனிக் கணக்குப் புத்தகங்களும் இதே மதிப்புடையன. அவை தனியார் கையில் இருத்தலின், பெயர்களை வெளியிடாத உறுதிமொழியுடன் அணுகுவது ஆய்வறமாகும்.

நான்காவது, மேற்கண்டவற்றில் இடம்பெறாதோரைத் தேடுதல். பத்திரத்தில் கையெழுத்திட்டவரும் சங்கத்தில் உறுப்பினரானவரும் பெரும்பாலும் ஆடவரே. தார் சுற்றுதல், இழை எடுத்தல், பாவு போடுதல் ஆகிய முன்பணிகளைச் செய்த பெண்களின் உழைப்பு கூலிக் கணக்கில் தனியே தோன்றுவதில்லை. கோர்வை நெசவில் மறுபுறம் அமர்ந்து நாடா தள்ளும் துணையாளாகப் பல வீடுகளில் சிறுவரே இருந்தனர். வேற்றாளுக்குக் கூலி தர இயலாத ஆண்டில் குழந்தையின் பள்ளி நின்றது. எனவே, பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் நீங்கிய ஆண்டும் கடன் பத்திரத்தின் ஆண்டும் ஒன்றாக இருத்தல் தற்செயலன்று என்று கருத இடமுண்டு. குடும்பம் பிழைத்தது என்னும்போது, அதன் விலையை அக்குடும்பத்திற்குள் யார் செலுத்தினர் என்பதையும் வினவவேண்டும்.

முடிவுரை

காஞ்சிபுர நெசவுக் குடும்பங்கள் இடர்க்காலங்களைக் கடந்த வழிகளாக இடம்பெயர்தல், தொழில்வகை மாற்றம், முன்பணம், நகை விற்பனை, கூட்டுறவு, வீட்டினரின் கூலியற்ற உழைப்பு ஆகிய ஆறும் காணப்படுகின்றன. இவற்றுள் எதுவும் இழப்பின்றி நிகழவில்லை. பட்டுக்கு மாறியவர்கள் தொழிலைக் காத்தனர், தற்சார்பை இழந்தனர். முன்பணம் பெற்றவர்கள் அவ்வாண்டைக் கடந்தனர், அடுத்த ஆண்டுகளின் பேரவலிமையை இழந்தனர்.

வழித்தோன்றல்கள் தம் வீட்டில் கிடைக்கும் பழைய அடமானப் பத்திரத்தை அவமானத்தின் அடையாளமாக எண்ணி ஒதுக்குவதும், கட்டடம் புதுப்பிக்கப்படும்போது கணக்குப் புத்தகங்கள் பழைய காகிதமாக எடைக்குப் போவதும் இவ்வரலாற்றின் பெரிய இழப்புகள். தறியை விற்காமல் மனையை அடகு வைத்த ஒரு குடும்பத்தின் பத்திரம், அடுத்த தலைமுறைக்கும் நெசவு தொடரவேண்டும் என்று அக்குடும்பம் எடுத்த முடிவின் எழுத்துச் சான்றாகும். பல்கலைக்கழகத் துறைகளும் கல்லூரி வரலாற்றுத் துறைகளும், சங்கப் பேரேடுகளையும் வீட்டுக் கடன் பத்திரங்களையும் படியெடுத்துக் காக்கும் பணியையும், 1952–53 ஐ நேரில் கண்ட முதியோரின் வாய்மொழியைப் பதிவு செய்யும் பணியையும் ஒருசேர மேற்கொள்ளுதல் உடனடித் தேவையாகும். தெரு வாரியாக இப்பணி நடைபெறின், பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுப் பகுதிகளின் வரலாறு கோயில் வரலாற்றின் அடிக்குறிப்பாக நில்லாமல் தனக்கெனச் சான்றுகள் உடைய வரலாறாக எழுதப்படும்.